தடைச் சட்டத்திலிருந்து உலகக் கோப்பை வரை: பிரேசில் மகளிர் கால்பந்து அணியும் இந்தியாவும்

ஹைதராபாத்: 2021ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி, அமேசான் காடுகளின் நடுவே அமைந்துள்ள மனாஸ் நகரின் 'அரினா ட அமசோனியா' மைதானத்தில் இந்திய மகளிர் கால்பந்து அணி முதன்முறையாகப் பிரேசிலை எதிர்கொண்டது. அப்போது உலகத் தரவரிசையில் பிரேசில் 7ஆவது இடத்திலும், இந்தியா 57ஆவது இடத்திலும் இருந்தன. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே டெபின்யா கோல் அடித்தார். ஆனால் 8ஆவது நிமிடத்தில் பஞ்சாபைச் சேர்ந்த மனிஷா கல்யாண் எதிர்த்தாக்குதலில் பந்தை வலைக்குள் செலுத்தி ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். அடுத்த 28 நிமிடங்களுக்கு அந்தச் சமநிலை நீடித்தது. இறுதியில் பிரேசில் 6-1 என்ற கோல் கணக்கில் வென்றது.

பிரேசில் ரசிகர்கள் அந்த ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 43 வயதான நடுக்கள வீராங்கனை ஃபொர்மிகா, தேசிய அணியின் சீருடையில் கடைசியாகக் களமிறங்கிய ஆட்டம் அது. அவர் பிறந்த 1978ஆம் ஆண்டில், பிரேசிலில் பெண்கள் கால்பந்து விளையாடுவதற்குச் சட்டப்படி தடை இருந்தது. ஒரு வீராங்கனையின் வாழ்நாளுக்குள் தடை நீங்கி, அணி உருவாகி, உலகின் முன்னணி வரிசையில் இடம்பிடித்தது எப்படி? அதே காலத்தில் இந்திய மகளிர் கால்பந்து எங்கிருந்தது? இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் கிடைக்கும் சித்திரம் கவனத்திற்குரியது.

38 ஆண்டுகள் நீடித்த தடை:

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் பெண்கள் கால்பந்து விளையாடியதற்குச் சான்றுகள் உள்ளன. சர்க்கஸ் கூடாரங்களில் காட்சிப் போட்டிகளாகவும், நகர்ப்புறக் குடியிருப்புகளில் அணிகளாகவும் அவர்கள் ஆடினர். 1940ஆம் ஆண்டு சாவ் பாவ்லோவின் பக்காயெம்பு மைதானத்தில் ரியோ டி ஜெனிரோவைச் சேர்ந்த மகளிர் அணிகள் மோதியபோது பத்திரிகைகளில் கடும் விவாதம் எழுந்தது. பெண்களின் உடல் தாய்மைக்கானது என்றும், கால்பந்து அதற்கு ஊறு விளைவிக்கும் என்றும் எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர்.

அதன் விளைவாக, கெதுலியோ வர்காஸ் ஆட்சியில் 1941ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட 3199ஆம் எண் சட்ட ஆணை, பெண்களின் இயல்புக்கு ஒவ்வாதவை எனக் கருதப்பட்ட விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடுவதைத் தடை செய்தது. அந்த ஆணையில் கால்பந்தின் பெயர் நேரடியாகக் குறிப்பிடப்படவில்லை. ராணுவ ஆட்சிக் காலமான 1965இல் தேசிய விளையாட்டு மன்றம் வெளியிட்ட அறிவிப்பு அந்தக் குறையையும் நீக்கியது. கால்பந்து, ரக்பி, வாட்டர் போலோ, பளுதூக்குதல் உள்ளிட்டவை பெண்களுக்கு விலக்கப்பட்டவை என்று அது பட்டியலிட்டது.

பெலே இடம்பெற்ற பிரேசில் அணி உலகக் கோப்பைகளை வென்ற 1958, 1962, 1970ஆம் ஆண்டுகள் அனைத்தும் இந்தத் தடைக் காலத்திற்குள் அடங்கும். கால்பந்து உலகமே பிரேசிலைக் கொண்டாடிய வேளையில், அந்நாட்டு மக்கள்தொகையில் பாதிப்பேருக்கு அந்த விளையாட்டு மறுக்கப்பட்டிருந்தது. தடை 1979இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. மகளிர் கால்பந்துக்கான முறையான விதிகள் வகுக்கப்பட மேலும் 4 ஆண்டுகள் ஆகி, 1983இல்தான் அவை நடைமுறைக்கு வந்தன.

அப்போது இந்தியா எங்கே இருந்தது?

பிரேசிலில் தடை நீங்கிய சில மாதங்களில், 1980 ஜனவரியில், கேரளத்தின் கோழிக்கோடு நகரில் ஆசிய மகளிர் கால்பந்து சாம்பியன்ஷிப் நடைபெற்றது. அதில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. 1981இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடமும், 1983இல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாம் இடமும் பெற்றது. அதாவது, பிரேசிலுக்குத் தேசிய மகளிர் அணி என்று ஒன்று அமைவதற்கு முன்பே, இந்தியா ஆசியாவின் முன்னணி அணிகளுள் ஒன்றாக விளங்கியது.

1975இல் தொடங்கப்பட்ட இந்திய மகளிர் கால்பந்து கூட்டமைப்பே அந்தக் காலத்தில் அணியை வழிநடத்தியது. 1990களின் தொடக்கத்தில் மகளிர் ஆட்டம் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பின் பொறுப்பில் வந்தது. எனினும் பல ஆண்டுகள் பெண்களுக்கெனத் தேசிய அளவிலான லீக் போட்டி இல்லை. இந்திய மகளிர் லீக் முதன்முறையாக நடத்தப்பட்டது 2016-17ஆம் பருவத்தில்தான். தடை ஏதும் இல்லாத நாட்டில், தொடர்ச்சியான போட்டிகள் இல்லாமையே தடையைப் போன்ற விளைவை ஏற்படுத்தியது.

பிரேசில் அணியின் எழுச்சி:

பிரேசில் மகளிர் அணி தனது முதல் சர்வதேச ஆட்டத்தை 1986இல் அமெரிக்காவுக்கு எதிராக விளையாடியது. 1980களில் ரியோவின் ராடார் என்ற கிளப்பின் வீராங்கனைகளே தேசிய அணியின் முதுகெலும்பாக இருந்தனர். 1988இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் ஃபிஃபா நடத்திய சோதனைப் போட்டித் தொடரில் பிரேசில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்தத் தொடரின் வெற்றியே 1991இல் முதல் மகளிர் உலகக் கோப்பை நடைபெற வழிவகுத்தது. ஆடவர் அணிக்காகத் தைக்கப்பட்ட சீருடைகளை அணிந்தே தாங்கள் விளையாடியதாக முதல் தலைமுறை வீராங்கனைகள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

1999 உலகக் கோப்பையில் பிரேசில் மூன்றாம் இடம் பெற்றது. 7 கோல்கள் அடித்த சிசி, சீனாவின் சுன் வென்னுடன் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையைப் பகிர்ந்துகொண்டார். 2007 உலகக் கோப்பை அரையிறுதியில் அமெரிக்காவை 4-0 என வீழ்த்திய பிரேசில், ஷாங்காயில் நடந்த இறுதிப்போட்டியில் ஜெர்மனியிடம் 0-2 எனத் தோற்றது. உலகக் கோப்பையில் அந்த அணி எட்டிய அதிகபட்ச உயரம் இதுவே.

ஒலிம்பிக்கில் 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங், 2024 பாரிஸ் ஆகிய 3 முறை வெள்ளிப் பதக்கம் வென்றது. மூன்று இறுதிப்போட்டிகளிலும் பிரேசிலைத் தோற்கடித்தது அமெரிக்காவே. அவற்றுள் முதல் இரண்டு ஆட்டங்கள் கூடுதல் நேரத்தில் முடிவு காணப்பட்டவை.

தென் அமெரிக்கக் கண்டத்தில் நிலைமை முற்றிலும் வேறு. 1991 முதல் 2025 வரை நடந்த 10 கோபா அமெரிக்கா மகளிர் தொடர்களில் 9 முறை பிரேசிலே சாம்பியன். 2006இல் மட்டும் அர்ஜென்டினா பட்டம் வென்றது. 2025 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் கொலம்பியாவுக்கு எதிராக நடந்த இறுதிப்போட்டி 4-4 எனச் சமநிலையில் முடிந்து, பெனால்டி ஷூட் அவுட்டில் 5-4 எனப் பிரேசில் வென்றது. வழக்கமான ஆட்ட நேரம் முடிந்து, காயங்களுக்காக வழங்கப்பட்ட நிமிடங்களில் கோல் அடித்து அணியைத் தோல்வியிலிருந்து மீட்டவர் 39 வயதான மார்த்தா.

மார்த்தா, ஃபொர்மிகா, கிறிஸ்தியானே:

பிரேசிலின் வடகிழக்கில் உள்ள அலகோவாஸ் மாநிலத்தின் தோயிஸ் ரியாச்சோஸ் என்ற சிற்றூரில் 1986இல் பிறந்தவர் மார்த்தா. ஃபிஃபாவின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதை 2006 முதல் 2010 வரை தொடர்ந்து 5 முறையும், 2018இல் ஆறாவது முறையும் பெற்றார். உலகக் கோப்பைப் போட்டிகளில் 17 கோல்கள் அடித்துள்ள அவர், மகளிர் உலகக் கோப்பை வரலாற்றில் அதிக கோல் அடித்தவராகத் திகழ்கிறார்.

ஃபொர்மிகா என்றால் போர்த்துகீசிய மொழியில் எறும்பு என்று பொருள். களத்தில் ஓயாமல் உழைத்ததால் அமைந்த பெயர் இது. 1995 முதல் 2019 வரை 7 உலகக் கோப்பைகளிலும், 1996 முதல் டோக்கியோ வரை 7 ஒலிம்பிக் போட்டிகளிலும் அவர் விளையாடினார். கிறிஸ்தியானே ஒலிம்பிக் மகளிர் கால்பந்தில் 14 கோல்கள் அடித்தவர்.

2019 உலகக் கோப்பையில் பிரான்ஸிடம் தோற்று வெளியேறியபோது, மார்த்தா கேமராவை நேராகப் பார்த்து இளம் பெண்களிடம் பேசியது உலகெங்கும் கவனிக்கப்பட்டது. தாங்கள் மூவரும் என்றென்றும் களத்தில் இருக்கப்போவதில்லை என்றும், மகளிர் கால்பந்து பிழைத்திருப்பது அடுத்த தலைமுறையின் உழைப்பைப் பொறுத்ததே என்றும் அவர் கூறினார்.

களத்திற்கு வெளியே நடந்த போராட்டம்:

பதக்கங்கள் கிடைத்தபோதும் நிர்வாகத்தின் அக்கறை எளிதில் கிடைத்துவிடவில்லை. 2016 இறுதியில் எமிலி லிமா தேசிய அணியின் முதல் பெண் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். ஓராண்டு நிறைவதற்கு முன்பே, 2017 செப்டம்பரில் அவர் நீக்கப்பட்டார். இதனைக் கண்டித்துக் கிறிஸ்தியானே உள்ளிட்ட வீராங்கனைகள் தேசிய அணியிலிருந்து விலகுவதாக அறிவித்தனர். நிர்வாகப் பொறுப்புகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கை அப்போது வலுப்பெற்றது.

பின்னர் இரண்டு முக்கிய மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவதாக, 2019 முதல் பிரேசிலின் முதல்நிலை ஆடவர் லீக்கில் விளையாடும் கிளப்புகள் மகளிர் அணியையும் நடத்த வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. இரண்டாவதாக, தேசிய அணிக்கு விளையாடும் ஆடவருக்கும் மகளிருக்கும் சமமான தினப்படியும் பரிசுத்தொகையும் வழங்கப்படும் என்று 2020 செப்டம்பரில் பிரேசில் கால்பந்து கூட்டமைப்பு அறிவித்தது.

இந்திய மண்ணில் தென் அமெரிக்க அணிகள்:

மனாஸ் தொடரில் இந்தியா சிலியிடம் 0-3 எனவும், வெனிசுவேலாவிடம் 1-2 எனவும் தோற்றது. 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் நடைபெறவிருந்த ஆசியக் கோப்பைக்கான ஆயத்தமாகவே அந்தப் பயணம் அமைந்தது. ஆனால் ஆசியக் கோப்பையில் ஈரானுடன் சமன் செய்த பிறகு, அணிக்குள் கொரோனா தொற்று பரவியதால், சீன தைபேக்கு எதிரான ஆட்டத்தில் போதிய வீராங்கனைகளைக் களமிறக்க முடியாமல் இந்தியா தொடரிலிருந்து வெளியேற நேர்ந்தது. 2023 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் அதனுடன் கைநழுவியது.

அதே ஆண்டு அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான மகளிர் உலகக் கோப்பை இந்தியாவில் நடைபெற்றது. புவனேஸ்வர் கலிங்கா மைதானத்தில் அக்டோபர் 17ஆம் தேதி பிரேசில் இளையோர் அணி இந்தியாவை 5-0 என வென்றது. நவி மும்பையில் அக்டோபர் 30ஆம் தேதி நடந்த இறுதிப்போட்டியில் ஸ்பெயின் 1-0 எனக் கொலம்பியாவை வீழ்த்தியது. அந்தக் கொலம்பிய அணியில் விளையாடிய லிண்டா கைசெடோ, அடுத்த ஆண்டே தனது நாட்டின் முதன்மை அணிக்காக உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராகக் கோல் அடித்தார்.

தமிழ்நாடும் தெலங்கானாவும்:

மகளிர் கால்பந்தில் தென்னிந்தியாவின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. மணிப்பூரின் ஆதிக்கத்தை முறியடித்துத் தமிழ்நாடு அணி 2018இல் தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப் பட்டத்தை முதன்முறையாக வென்றது. 2023இல் இரண்டாவது முறையாகவும் கோப்பையைக் கைப்பற்றியது. மதுரையை மையமாகக் கொண்ட சேது எஃப்சி, 2018-19 பருவத்தில் இந்திய மகளிர் லீக் சாம்பியனானது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் பணியாற்றிக்கொண்டே இந்திய அணியின் நடுக்களத்தில் விளையாடியவர்.

தெலங்கானாவின் நிஜாமாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த சௌம்யா குகுலோத், குரோஷியாவின் டைனமோ ஜாக்ரெப் கிளப்புக்காக விளையாடினார். பிரேசிலுக்கு எதிராகக் கோல் அடித்த மனிஷா கல்யாண், 2022இல் சைப்ரஸின் அப்பொல்லோன் அணிக்காகக் களமிறங்கி, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் விளையாடிய முதல் இந்தியர் ஆனார்.

2027இல் பிரேசிலில் உலகக் கோப்பை:

2024 மே 17ஆம் தேதி பாங்காக்கில் நடந்த ஃபிஃபா மாநாட்டில், 2027 மகளிர் உலகக் கோப்பையை நடத்தும் உரிமை பிரேசிலுக்கு வழங்கப்பட்டது. பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் கூட்டு விண்ணப்பம் 78 வாக்குகள் பெற, பிரேசில் 119 வாக்குகள் பெற்றது. மகளிர் உலகக் கோப்பை தென் அமெரிக்காவில் நடைபெறுவது இதுவே முதல் முறை. 2027 ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை, ரியோ டி ஜெனிரோ, சாவ் பாவ்லோ, சால்வடோர், ரெசிஃபி உள்ளிட்ட 8 நகரங்களில் 32 அணிகள் மோத உள்ளன. ஃபொர்மிகா பிறந்த ஊர் சால்வடோர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய அணி 2025 ஜூலை 5ஆம் தேதி தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், சங்கீதா பாஸ்ஃபோரின் இரண்டு கோல்களின் உதவியுடன் தாய்லாந்தை 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு முன்னேறியது. தகுதிச்சுற்று ஆட்டங்களில் வென்று இந்தியா இந்தத் தொடருக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை.

பிரேசிலின் வளர்ச்சிக்கு மார்த்தாவைப் போன்ற அபூர்வத் திறமையாளர்கள் மட்டுமே காரணம் அல்ல. தடை நீங்கியபின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்தே கிளப்புகளுக்கு மகளிர் அணி கட்டாயமானது, ஊதியச் சமத்துவமும் அறிவிக்கப்பட்டது. அவை தாமாக வரவில்லை, வீராங்கனைகள் கேட்டுப் பெற்றவை. இந்தியாவில் ஐஎஸ்எல் கிளப்புகளில் சிலவே மகளிர் அணியை நடத்திவருகின்றன. மனாஸில் 28 நிமிடங்கள் நீடித்த சமநிலை இந்திய வீராங்கனைகளின் திறமைக்குச் சான்று. மீதமிருந்த நேரத்தில் விழுந்த 5 கோல்கள், இரு நாடுகளின் உள்நாட்டுப் போட்டி அமைப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் காட்டுகின்றன.