ஏழைகளின் ஹார்வர்ட்: வால்பரைசோ லூத்தரன் பல்கலைக்கழகத்தின் கதை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சிகாகோ நகரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தென்கிழக்கில் உள்ள சிறிய நகரம் வால்பரைசோ. தென் அமெரிக்காவின் சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயரே இதற்கும் சூட்டப்பட்டது. ‘சொர்க்கப் பள்ளத்தாக்கு’ என்பது அதன் பொருள். இங்கே லூத்தரன் கிறிஸ்தவர்கள் 1925ஆம் ஆண்டு முதல் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்தி வருகிறார்கள்.

மூவாயிரத்துக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட கல்விக்கூடம் இது. ஒரு முறை மூடப்பட்டது. இன்னொரு முறை கைமாறும் நிலைக்கு வந்தது. இன்று மீண்டும் பண நெருக்கடியில் இருக்கிறது.

தொடக்கமும் முதல் மூடலும்

1859இல் மெதடிஸ்ட் சபையினர் இதை ஆண், பெண் இருபாலருக்குமான கல்லூரியாகத் தொடங்கினார்கள். பெண்களுக்கு உயர்கல்வி அரிதாக இருந்த காலம் அது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்த தொடக்கக்கால அமெரிக்கக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வந்தது. அரசாங்கப் பள்ளிகளும் பெருகின. சமாளிக்க முடியாமல் 1871இல் கல்லூரி மூடப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஹென்றி பேக்கர் பிரவுன் என்ற ஆசிரியர் அதே இடத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் திறந்தார். நுழைவுத் தேர்வு கிடையாது. கட்டணமும் குறைவு, தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் குறைவு. விவசாயிகளின் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் தேடி வந்தார்கள். ‘ஏழைகளின் ஹார்வர்ட்’ என்ற பெயர் நாடெங்கும் பரவியது. முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டியது. 1906இல் பல்கலைக்கழகம் என்ற பெயரும் கிடைத்தது.

பிரவுன் 1917இல் காலமானார். போருக்கு இளைஞர்கள் போய்விட்டதால் வகுப்புகள் காலியாயின, கடன் ஏறியது. 1923இல், கறுப்பினத்தவர், யூதர், கத்தோலிக்கர் மீது வெறுப்பை வளர்த்த கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் இந்தப் பல்கலைக்கழகத்தை வாங்க முன்வந்தது. அப்போது இந்தியானாவில் அந்த இயக்கம் செல்வாக்கோடு இருந்தது. ஆனால் சொன்ன பணத்தை அதனால் திரட்ட முடியவில்லை.

லூத்தரன்கள் வந்தார்கள்

1925இல், மிசௌரி சினட் என்னும் லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த பொதுமக்களும் போதகர்களும் சங்கம் அமைத்துப் பல்கலைக்கழகத்தை வாங்கினார்கள். திருச்சபை நேரடியாக வாங்கவில்லை. அதனால் இன்றும் இது லூத்தரன் பல்கலைக்கழகமாக இருந்தாலும் எந்தத் திருச்சபைக்கும் சொந்தமானதல்ல.

இதே மிசௌரி சினட் தமிழருக்கும் புதிதல்ல. 1895இல் கிருஷ்ணகிரியில் அதன் மிஷனரிகள் பணியைத் தொடங்கினார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, நாகர்கோவில் என்று அது விரிந்தது. ஆம்பூரில் உள்ள கன்கார்டியா பள்ளி அந்த வழியில் வந்ததுதான்.

1940 முதல் 1968 வரை தலைவராக இருந்த ஓ.பி. கிரெட்ஸ்மன் காலத்தில்தான் பல்கலைக்கழகம் இன்றைய உருவத்தைப் பெற்றது. சமய நம்பிக்கையும் உயர்ந்த கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அவருடைய கொள்கை.

அவர் காலத்து நிகழ்ச்சி ஒன்று இன்றும் பேசப்படுகிறது. அப்போது பொறியியல் படிப்பை அங்கே முழுமையாக முடிக்க வசதியில்லை. புதிய கட்டடத்துக்குப் பணமும் இல்லை. 1940களின் கடைசியில் பொறியியல் மாணவர்களே செங்கல் சுமந்து, சுவர் எழுப்பித் தங்கள் கட்டடத்தைக் கட்டிக்கொண்டார்கள். நம் ஊர் கோத்தோங் ரோயோங் போலத்தான். இந்தக் கதை பின்னர் திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது.

என்ன படிக்கலாம்?

கலை அறிவியல், வணிகம், பொறியியல், தாதிமை ஆகியவை முக்கியத் துறைகள். வானிலை அறிவியலுக்கு இந்தப் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது. வளாகத்திலேயே வானிலை ரேடார் உண்டு. கோடையில் மாணவர்கள் ஆசிரியர்களோடு வேனில் ஏறி, நடு அமெரிக்கச் சமவெளிகளில் புயல்களைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்வார்கள். சூரிய ஒளியைக் குவித்து மிக அதிக வெப்பம் உண்டாக்கும் சூரிய உலையும் இருக்கிறது. முனைவர் பட்ட மாணவர்களுக்கே கிடைக்கக்கூடிய இத்தகைய கருவியில் இங்கு இளங்கலை மாணவர்களே வேலை செய்கிறார்கள்.

1967இல் தொடங்கிய கிறைஸ்ட் காலேஜ், சிறப்புத் தேர்ச்சி மாணவர்களுக்கான பிரிவு. முதலாண்டு மாணவர்கள் மூல நூல்களைப் படித்து விவாதிப்பதோடு, தாங்களே எழுதிய இசை நாடகத்தையும் மேடையேற்ற வேண்டும்.

வளாக வாழ்க்கை

1956இல் பழைய அரங்கம் தீயில் எரிந்து போனது. அதன்பின் எழுந்த உயிர்த்தெழுதல் ஆலயம் 1959இல் அர்ப்பணிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய பல்கலைக்கழக ஆலயங்களுள் இதுவும் ஒன்று. பலிபீடப் பகுதியின் கூரை ஒன்பது முனை நட்சத்திர வடிவில் அமைந்திருக்கிறது. வார நாள்களில் காலை வழிபாடு உண்டு, கட்டாயமில்லை. பிற சமயத்தாரும் எந்தச் சமயத்தையும் சாராதவர்களும் இங்கே படிக்கிறார்கள்.

1943இல் மாணவர்களே கொண்டுவந்த நேர்மை விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாத உதவியைப் பெறவில்லை, கொடுக்கவில்லை, பிறர் செய்ததைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை என்று மாணவர்கள் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

விளையாட்டு ரசிகர்கள் இந்தப் பெயரை 1998இல் கேட்டிருக்கலாம். தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் பெரிய பல்கலைக்கழகமான மிசிசிப்பியை 70-69 என்று வீழ்த்தியது இந்தச் சிறிய அணி. கடைசி நொடியில் பந்தை வீசி வெற்றி தேடித் தந்தவர் பிரைஸ் ட்ரூ. பயிற்றுநர் அவருடைய தந்தை ஹோமர் ட்ரூ.

அணியின் பெயர் நீண்ட காலமாக ‘குருசேடர்ஸ்’, அதாவது சிலுவைப் போர் வீரர்கள். வெறுப்பு இயக்கங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதால் 2021இல் அது கைவிடப்பட்டது. புதிய பெயர் ‘பீக்கன்ஸ்’: வழிகாட்டும் விளக்குகள். ஒளியைப் பற்றிய லத்தீன் குறிக்கோள் வாசகத்துக்கும் இது பொருந்தியது.

இன்றைய நெருக்கடி

அமெரிக்காவில் பல சிறிய தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் இங்கும் வந்தது. கல்லூரி வயது இளைஞர்கள் குறைகிறார்கள், செலவு கூடுகிறது. 1879இல் தோன்றிய சட்டக் கல்லூரி 2020இல் மூடப்பட்டது. வேறு பல்கலைக்கழகத்துக்கு அதை மாற்றும் முயற்சியும் பலிக்கவில்லை.

2023இல் இன்னொரு சர்ச்சை எழுந்தது. முதலாண்டு மாணவர் விடுதிகளைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று, தன் அருங்காட்சியகத்தில் இருந்த மூன்று ஓவியங்களை விற்க நிர்வாகம் முடிவு செய்தது. அவற்றில் ஒன்று புகழ்பெற்ற ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃபின் படைப்பு. 1960களில் சில ஆயிரம் டாலருக்கு வாங்கிய அந்த ஓவியத்தின் மதிப்பு இப்போது ஒரு கோடி டாலருக்கும் மேல்.

பேராசிரியர் மன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அருங்காட்சியகம் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த முன்னாள் இயக்குநரே எதிர்த்தார். ஓவியங்களும் மாணவர்களுக்கான பாடமே, கல்விக்காகக் கிடைத்த சொத்தை விற்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். நல்ல விடுதி இல்லாவிட்டால் மாணவர்களே வரமாட்டார்கள் என்பது நிர்வாகத்தின் வாதம். 2024இல் நீதிமன்றம் விற்க அனுமதித்தது. அதே ஆண்டு அருங்காட்சியகம் மூடப்பட்டது.

செலவு குறைந்த படிப்பைத் தேடி வந்தவர்களால் வளர்ந்த பல்கலைக்கழகம் இது. கல்விக் கடனோடும் உபகாரச் சம்பள விண்ணப்பங்களோடும் பிள்ளைகளை அனுப்பும் நம் பெற்றோர், ஒரு கல்விக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்தையும் கட்டணத்தையும் விசாரிப்பார்கள். அதோடு, அந்தக் கல்விக்கூடம் எப்படிப் பிழைக்கிறது, எந்தப் பாடப்பிரிவை மூடப்போகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.