நாலாவது மலை

செஞ்சிக்கோட்டைக்கு மூன்று மலை என்றுதான் சொல்வார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நாலாவது ஒன்று இருக்கிறது. பெயர் சக்கிலி துர்க்கம்.

ஆவடியிலிருந்து நானும் ஒரு அருந்ததியர் தோழரும் விடியற்காலையில் கிளம்பி, திண்டிவனத்தில் பஸ் மாறிப் போனோம். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. கல்யாண மகால், நெற்களஞ்சியம் எல்லாம் பார்த்தோம். கோனார்கள் கட்டத் தொடங்கினார்கள் என்கிறார்கள். பிறகு நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், 1677-இல் சிவாஜி, எட்டு வருஷ முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். 2025-இல் மராட்டியர் கோட்டைகள் 12-இல் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆண்டவன் பேரெல்லாம் இருக்கு. 1714-இல் செத்துப்போன தேசிங்கு ராஜனின் குதிரைக்குக்கூடப் பெயர் உண்டு, பாராசாரி. அந்தக் குதிரைக்குச் சேணம் தைத்தவன் பேர்?

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் வழி கேட்டோம். “அதுவா, சக்கிலி மலை. அங்க ஒண்ணுமில்லியே சார்” என்றார். புத்தகங்களும் அப்படித்தான், முக்கியமில்லாத சிறு குன்று என்று ஒரு வரியில் தாண்டிவிடும். அதற்கு இன்னொரு பெயரும் எழுதியிருக்கிறார்கள்: சமார் டிக்ரி. டிக்ரி என்றால் குன்று. சமார், வடக்கே தோல் வேலை செய்கிற சாதி. ராஜாவும் மாறி, பாஷையும் மாறி, சாதியை மட்டும் கவனமாக மொழிபெயர்த்திருக்கிறார்கள்!

ராணுவத்துக்கு டாங்கும் உடுப்பும் செய்கிற ஊரில் வளர்ந்தவன் நான். சண்டை போடுகிறவன் மட்டும் படையில்லை என்பது எங்களுக்குத் தெரியும். சேணம், கடிவாளம், செருப்பு, கேடயம், முரசு, தண்ணீர்ப் பை எல்லாம் தோல். அதைச் செய்த சனங்கள் இந்தக் குன்றடியில் குடியிருந்திருக்கலாம் என்பது என் ஊகம்தான். ஊகமில்லாமல் கையிலிருப்பது பெயர் ஒன்றே.

அதுவே வசைச்சொல். “பேரை மாத்தச் சொல்லி மனு குடுக்கலாமா தோழர்?” என்று நான்தான் கேட்டேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. “எங்கம்மாவ இந்தப் பேர் சொல்லித்தான் ஊர்ல ஏசுவாங்க. எனக்கு அது காதுல விழவே கூடாது. ஆனா இதையும் எடுத்துட்டா, நாங்க இங்க இருந்தோம்னு வேற எது சொல்லும்?” என்றார்.

திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் இதே சண்டை. முடியவில்லை. அடுத்த தடவை கோட்டைக்குள் போகாமல், சுற்றியுள்ள அருந்ததியர் தெருக்களுக்குப் போய் வயசான பெண்களிடம் கேட்பதென்று மட்டும் முடிவு செய்தோம்.