வளரும் ஊரும் வணிக நாணயமும்

துறைமுகப் பட்டினங்களின் பெருமையை நம்மவர் நிறைய எழுதியுள்ளனர். காயல், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை என்று முன்னோர் கடல்வழியே பொருளீட்டிய ஊர்களைப் பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. கடலின் துணையின்றி, சாலைகள் கூடுமிடத்தில் சிறுகச் சிறுக வளர்ந்த ஊர்களின் வரலாறோ அவ்வளவாக எழுதப்படவில்லை. திண்டிவனமும் விழுப்புரமும் அத்தகைய ஊர்களாகும்.

சென்னையிலிருந்து தென்திசை செல்வோர்க்குத் திண்டிவனம் ஒரு வாயில். அங்கிருந்து ஒரு சாலை புதுச்சேரிக்கும், மற்றொன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் பிரிகின்றன. விழுப்புரத்திலோ சென்னை, புதுச்சேரி, கடலூர், திருச்சி, காட்பாடி என ஐந்து திசைகளின் இருப்புப் பாதைகள் ஒன்று கூடுகின்றன. வருவோரையும் போவோரையும் கொண்டே வாழும் ஊர்கள் இவை. இத்தகைய ஊருக்கு முதல் எது? பணமா, கட்டடமா? இரண்டுமல்ல. வெளியூரான் அவ்வூர்த் தராசின்மேல் வைக்கும் நம்பிக்கையே முதல். அந்நம்பிக்கை எவ்வாறு கெட்டது, எவ்வாறு மீண்டது, இன்று எங்கே சோதிக்கப்படுகிறது என்பதையே ஈண்டு ஆராய்வோம்.

கிடங்கிலும் உப்பு வழியும்

திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார், அவனிடம் செல்லும் பாணர்க்கு வழி கூறுமிடத்து எயிற்பட்டினத்தையும் குறிப்பிடுகிறார். அஃது இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் கருத்து. மரக்காணத்தில் இன்றும் உப்பு விளைகின்றது. கடற்கரை உப்பு உள்நாட்டுக்கும், உள்நாட்டுத் தவசம் கடற்கரைக்கும் மாறிய வழியில் அமைந்தது இந்நிலப்பகுதி.

பிற்காலத்தில் செஞ்சிக் கோட்டை இவ்வட்டாரத்தின் அரசியல் நடுவிடமாயிற்று. 1649-இல் பீஜாப்பூர் சுல்தானியரும், 1677-இல் சிவாஜியும், 1698-இல் முகலாயரும் அதனைக் கைப்பற்றினர். பின்னர் அது ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்குட்பட்டது. நவாப் சஆதத்துல்லாஹ் கான் பெயரால் அமைந்த பள்ளிவாசல் கோட்டையினுள் இன்றும் நிற்கிறது. படையோடும் நிர்வாகத்தோடும் வந்த உருது பேசும் குடும்பங்களும், கடற்கரையிலிருந்து வந்த மரைக்காயர்களும், உள்நாட்டு ராவுத்தர்களும் லப்பைகளும் இவ்வட்டாரத்தில் கலந்து வாழலாயினர். ஆட்சிகள் மாறின, சந்தை மட்டும் மாறாது நடந்தது.

மல்லாட்டை வந்த கதை

இவ்வூர்களை இன்றைய நிலைக்கு உயர்த்திய பொருள் ஒன்றுண்டு. நூல்கள் அதனை நிலக்கடலை என்னும். பிற மாவட்டத்தார் வேர்க்கடலை என்பர். தென்னார்க்காட்டு மக்கள் ‘மல்லாட்டை’ என்பர். மணிலாக்கொட்டை என்ற பெயரே மக்கள் நாவில் உருண்டு மல்லாட்டை ஆயிற்று. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பயிர், பிலிப்பைன் தீவுகளின் மணிலா நகரத்துப் பெயரைத் தாங்கி, நம் மானாவாரிப் புன்செயில் வேரூன்றிய வரலாற்றை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் மர்செய் நகரத்து எண்ணெய், சவர்க்கார ஆலைகளுக்குக் கடலை பெருமளவில் தேவைப்பட்டது. அன்று புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. 1879 டிசம்பரில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை மாட்டு வண்டியில் சென்ற மூட்டைகள் இரயிலேறின. 1890-களின் தொடக்கத்தில் திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிப் பாதையும் வந்து சேர, விழுப்புரம் பெருஞ்சந்திப்பாயிற்று. வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதச் சென்ற தென்னார்க்காட்டு மாணவர்க்கும் அப்பாதை உதவியது.

மண்டிகள் எழுந்தன, தரகர், எடையாளர், சாக்குத் தைப்போர், வண்டிக்காரர் எனப் பலருக்கும் பிழைப்பு உண்டாயிற்று.

ஈரம் செய்த கேடு

செல்வம் வந்த வழியிலேயே சோதனையும் வந்தது. கடலையைத் தோட்டோடு ஏற்றினால் கப்பலில் இடம் மிகுதியாகப் பிடிக்கும். ஆகவே இங்கிருந்து பருப்பாக உடைத்தே அனுப்பினர். உடைக்க இயந்திரமில்லாக் காலத்தில், தோடு எளிதில் பிரிவதற்காகக் காயை நீரில் நனைத்துத் தடியால் அடித்தனர். நனைந்த பருப்பு எடையும் கூடுதலாக நின்றது. வேலை எளிது, எடையும் மிகுதி என்றால் யார்தான் விடுவர்?

ஆனால் அந்த ஈரம் கப்பலின் வெப்ப அறையில் பல வாரங்கள் அடைந்து கிடந்தது. மர்செய் துறையில் மூட்டையைப் பிரித்தபோது பருப்பு கறுத்துக் காறியிருந்தது. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக் கடலை தோட்டோடு சென்றதால் கெடாமல் சேர்ந்தது. அதன் எண்ணெய் உணவுக்கு ஆயிற்று. சோழமண்டலக் கரைப் பருப்பின் எண்ணெயோ பெரிதும் சவர்க்காரத்துக்கே பயன்பட்டது. விலையும் அதற்கேற்பத் தாழ்ந்தது. அந்தத் தாழ்வு மர்செய் வணிகனை வருத்தவில்லை. ஏற்றுமதியாளன் மண்டிக்காரனிடம் குறைத்தான். மண்டிக்காரன் உழவனிடம் குறைத்தான். நனைக்காமல் காய வைத்துக் கொண்டுவந்த நேர்மையாளனும் நனைத்தவனின் விலையையே பெற்றான். ஒருவன் செய்த ஈரம் ஊரார் அனைவரின் மூட்டையிலும் இறங்கிற்று.

இங்கே நமக்கு மதீனத்துக் கடைவீதி நினைவுக்கு வருகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழை நனைத்துவிட்டது என்று வணிகர் காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று பெருமானார் கேட்டார்கள். ஏமாற்றுவோரைத் தம்மைச் சேர்ந்தோர் பட்டியலினின்றும் நீக்கியே பேசினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற இந்நிகழ்ச்சியைக் கிதாபு ஓதும் பிள்ளைகள் அறிவர்.

இதில் நுணுக்கமான செய்தி ஒன்றுண்டு. மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரமான தானியத்தை விற்றதும் குற்றமன்று. ஈரத்தைக் காய்ந்ததன்கீழ் மறைத்ததே குற்றம். இதனைச் சட்ட நூலார் ‘தத்லீஸ்’ என்பர். பொருளின் ‘ஐப்’, அதாவது குறை, வாங்கியபின் தெரிய வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவர்க்கு உண்டென்பதில் ஷாஃபியீ, ஹனஃபீ இரு மத்ஹபினரும் உடன்படுவர்.

துலாக்கோலின் காவலர்

கெட்டது எவ்வாறு சீர்பெற்றது என்பதையும் காண வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் உடைப்பு இயந்திரங்கள் பரவின, நனைத்தல் குறைந்தது. திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையம் நல்ல விதைகளைத் தேர்ந்தெடுத்துத் தந்தது. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்த டி.எம்.வி. 2 என்னும் இரகம் 1940-இல் வெளிவந்தது. அம்மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தையே குறிக்கும். ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் அவ்விரகத்தை விதைத்த உழவர், தாம் கண்டிராத ஓர் ஊரின் பெயரைத் தம் வயலில் வைத்திருந்தனர். ஓர் ஊருக்கு இதனினும் நற்பெயர் வேறென்ன வேண்டும்?

தராசும் கவனிக்கப்பட்டது. 1926 முதல் 1928 வரை ஆய்ந்த அரச வேளாண் ஆணையம், ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1933-இல் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ்த் தென்னார்க்காட்டில் நிலக்கடலைக்கெனச் சந்தைக் குழு அமைந்தது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மக்கள் ‘மார்க்கெட் கமிட்டி’ என்று வழங்கும் விற்பனைக் கூடங்கள் அவ்வழி வந்தவையே. உரிமம் பெற்ற எடையாளர், எழுதப்பட்ட கட்டணம், மறைமுக ஏலம் என்பன அவற்றின் நடைமுறை. 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தபின், ஊருக்கு ஊர் வேறுபட்ட படியும் மரக்காலும் வீட்டுப் பரணுக்குச் சென்றன.

இவ்வேற்பாடு இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதன்று. கடைவீதியைக் கண்காணிக்கும் ‘முஹ்தஸிப்’ என்னும் அலுவலர் பற்றி, ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் மாவர்தீ தம் ஆட்சியியல் நூலில் தனி இயலே வகுத்துள்ளார். அளவையைச் சோதிப்பதும் கலப்படத்தைத் தடுப்பதும் அவர் கடமை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், எழுத்தறிவு மிக்க ஷிஃபா (ரலி) என்னும் பெண்மணியிடம் மதீனத்துக் கடைவீதிப் பொறுப்புகள் சிலவற்றை ஒப்படைத்ததாகவும் வரலாற்றாசிரியர் குறிப்பர்.

ஈரத்தை மறைப்பது விலையை மட்டும் கெடுப்பதன்று, உயிரையும் கெடுக்கும் என்பதை அறிவியல் பின்னர் உணர்த்தியது. 1960-இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. ஆராய்ந்ததில், தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தது தெரிந்தது. அஃப்லாடாக்சின் எனப்படும் அந்நஞ்சு, ஈரம் போகக் காயாத கடலையில் விளைவது.

மனைக்கல் நட்ட வயல்கள்

இனி நம் காலத்துக்கு வருவோம். 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1993 செப்டம்பர் 30-இல் தென்னார்க்காடு பிரிந்து, விழுப்புரம் மாவட்டத் தலைநகராயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின்னும் அதன் வளர்ச்சி குன்றவில்லை. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரத்தில் 96,000-க்கும் மேலும், திண்டிவனத்தில் 72,000-க்கும் மேலும் மக்கள் இருந்தனர். சாலை நான்கு வழியாயிற்று. புறவழிச் சாலைகள் ஊரைச் சுற்றிச் சென்றன. முன்பு கடைத்தெருவில் இறங்கித் தேநீர் அருந்திச் சாமான் வாங்கிய வழிப்போக்கன் இன்று ஊரைத் தொடாமலே கடந்து போகிறான். பழைய கடைத்தெருவில் வாடகை உயர்ந்தது. வழிப்போக்கு வணிகம் தேய்ந்தது. சில்லறைக் கடைக்காரர் இப்போது உள்ளூர்க் குடும்பங்களையும், புதிதாகக் குடியேறும் அலுவலர்களையும், மாணவர்களையும் நம்பியே வாழ வேண்டியிருக்கிறது. இந்நிலையில் ஒரு வாடிக்கையாளரை இழப்பது ஒரு வீட்டையே இழப்பதாகும்.

ஊர் வளர்ந்தபோது கடலை விளைந்த நிலங்களில் மனைக்கற்கள் முளைத்தன. அரபு நாட்டு வெயிலில் பிள்ளை ஈட்டிய பொருளும், தாய் கழற்றித் தந்த நகையும் அம்மனைகளில் முடங்குகின்றன. கோடையில் சுற்றிக் காட்டும்போது மண் உலர்ந்து, வண்ணக் கொடிகள் பறக்க, எல்லாம் அழகாகவே இருக்கும். கார்த்திகை மழையில்தான் அது ஏரியின் நீர்பிடிப்பா, ஓடையின் வழியா என்பது தெரியும்.

2024 நவம்பர் 30-இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரத்தில் தெருக்களும் பேருந்து நிலையமும் குளமாயின. அவ்வளவு மழையை எந்த ஊரும் எளிதில் தாங்காது என்பது உண்மையே. எனினும் நீர் தன் பழைய வழியைத் தேடியது. அவ்வழியில் வீடுகள் நின்றன.

அரசு சட்டங்கள் செய்யாமலில்லை. ஏரிகளைக் காக்க 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. மனை வணிகத்துக்கான மத்தியச் சட்டமும் 2016-இல் நிறைவேறியது. ஆயினும் காகிதத்தில் குறையில்லாத தாழ்நிலமும் உண்டு. அந்நிலத்தின் ஈரத்தைச் சட்டம் சொல்லாது. விற்பவர் நாவே சொல்ல வேண்டும்.

மதீனத்துக் குவியலும், மர்செய் சென்ற மூட்டையும், நெடுஞ்சாலையோர மனையும் இவ்விடத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றன. தாழ்ந்த நிலத்தைத் தாழ்ந்த நிலமென்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்பதை மார்க்கம் தடுக்கவில்லை. கோடையில் காட்டி மழையை மறைப்பதையே தடுக்கிறது. விற்பவரும் தரகரும் இதனை உணர வேண்டும். தரகருக்கு இதில் பொறுப்பில்லை என்பாருமுளர். குறையை அறிந்தவர் அதனை வாங்குவோர்க்கு உரைப்பது கடமை என்பதே நம் சட்ட நூலார் கொள்கை.

வாங்குவோர்க்கும் சொல்ல வேண்டியதுண்டு. பட்டா, வில்லங்கச் சான்று இவற்றோடு புல வரைபடத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மனையருகே ஏர் உழுத முதியவர் எவரேனும் இருப்பார். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எதுவரை நிற்குமென்று அவரைக் கேட்டால் போதும். அவர் சொல்லும் அடையாளம் பத்திரத்தில் இல்லாத உண்மையைச் சொல்லும். மழை நாளில் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பது, குவியலினுள் கைவிட்டுப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வூர்களின் கடலைக்கு ஒருகாலத்தில் மர்செய் துறையில் தாழ்ந்த பெயரிருந்தது. உழைப்பும் ஆராய்ச்சியும் நேரிய எடையும் சேர்ந்து, அதே வட்டாரத்தின் பெயரை நல்விதையின் பெயராக மாற்றின. அம்மாற்றத்துக்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. நம் கடைகளிலும் மனைகளிலும் இன்று நாம் சேர்க்கும் பெயரை நம் பிள்ளைகளே அனுபவிப்பர். அவர்களுக்கு விடும் சொத்தில் இதனையும் கணக்கிடுவோமாக.