போடிநாயக்கனூரில் கணினிப் பரவலும் மென்பொருள் நிறுவல் தாமதமும்

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தில் ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்த நகரம். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் ஏல மையம் இங்குள்ளது. 2007இல் மின்னணு ஏலம் அறிமுகமானபோது நகரின் முதன்மை வணிகத்தில் கணினி இடம்பெற்றது. 2011க்குப் பின் அரசின் மடிக்கணினிகள் வழியே அது வீடுகளையும் அடைந்தது. அக்கணினிகள் பழையவையானபோது எழுந்த சிக்கல்களில் ஒன்று மென்பொருள் நிறுவலில் ஏற்படும் தாமதம். அதில் ஒரு பகுதி பழுதன்று; மின்தடையிலிருந்து கோப்புகளைக் காக்கும் ஏற்பாடு.

மடிக்கணினித் திட்டம்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாநிலம் முழுவதும் வழங்கப்பட்டன. தொடக்ககாலக் கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது.

தாமதத்தின் காரணங்கள்

அக்காலக் கணினிகளில் சுழலும் வன்தட்டு இருந்தது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டில், வெவ்வேறு இடங்களில் உள்ள சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறைகூட அணுக இயலாது. ஒரு மென்பொருளில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருக்கலாம். நினைவகம் போதாதபோது இயங்குதளம் அதே தட்டை மாற்று நினைவகமாகப் பயன்படுத்துவதால் காத்திருப்பு மேலும் நீளும். நச்சுநிரல் தடுப்பி ஒவ்வொரு கோப்பையும் சோதிப்பதும் நேரத்தைக் கூட்டும்.

டெபியனில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் எழுதும் வேளையில் மின்சாரம் நின்றால் சில கோப்புகள் வெறுமையாகிவிடும். இதைத் தவிர்க்க, டெபியனின் நிறுவல் கருவியான டிபிகேஜி 2010இல் மாற்றப்பட்டது. புதிய கோப்பு வட்டில் பதிந்ததை உறுதிசெய்த பிறகே அது பழைய கோப்பை நீக்கியது. நிறுவல் மெதுவானது, கோப்புகள் தப்பின. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. மின்கலம் தேய்ந்த மடிக்கணினிக்கு இந்த எச்சரிக்கை தேவையானதாகவே இருந்தது.

கண்டறிதலும் தீர்வும்

நிறுவலின்போது வட்டின் விளக்கு தொடர்ந்து எரிந்து, செயலி ஓய்வாக இருந்தால் தடை வட்டில் உள்ளது. நினைவகம் நிரம்பியிருந்தால் பிற செயலிகளை மூடுவது உதவும். பதிவிறக்கம் மட்டும் நின்றிருந்தால் இணைய இணைப்பே காரணம். வட்டில் சேதமான பகுதிகள் இருந்தால் கணினி திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அப்போது முதலில் தரவைப் படியெடுக்க வேண்டும். பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துவது நிறுவலைப் பாதியில் விட்டுவிடும். டெபியனில் பாதியில் நின்ற அமைவை டிபிகேஜியைக் கொண்டே தொடரலாம்.

விண்டோஸ் 7இல் இற்றைப்படுத்தல்களைத் தேடுவதே நெடுநேரம் பிடித்தது. 2016 மே மாதம் மைக்ரோசாஃப்ட், சர்வீஸ் பேக் 1க்குப் பின் வந்த பெரும்பாலான இற்றைகளை ஒரே தொகுப்பாக வெளியிட்டது. 2020 ஜனவரி 14உடன் அதற்கான பொது ஆதரவு முடிந்தது.

பிற்காலம்

வன்தட்டுக்குப் பதிலாக அசையும் பாகமற்ற திண்மநிலை வட்டைப் பொருத்துவது பழைய கணினிகளுக்கு மிகப் பயனுள்ள மாற்றமாக அமைந்தது. எடை குறைந்த லினக்ஸ் வகைகளும் அவற்றின் ஆயுளை நீட்டித்தன. 2021இல் ஏலக்காய் ஏலம் மேகக் கணிமைக்கு மாறியது. போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் உள்ள வணிகர்கள் ஒரே ஏலத்தில் பங்கேற்க முடிந்தது. இத்தகைய முறையில் பெரும்பாலான பணி வழங்கியில் நடப்பதால், பயனர் கணினியின் வட்டைவிட இணைய இணைப்பின் நிலையே முதன்மை பெறுகிறது.