களிம்பும் துருவும்: சிற்றுருவப் படைகளும் தமிழ்ச் சொல்வளமும்

சுங்கை லாலாங்கில் முன்பொருமுறை நாம் உரையாற்றி முடித்தபோது, இளைஞர் ஒருவர் சிறு பெட்டியொன்றைத் திறந்து காட்டினார். கட்டைவிரல் உயரமே உள்ள போர்வீரர்கள் அதனுள் அணிவகுத்து நின்றனர். கவசங்களில் துரு, காலடியில் சேறு, கொடிகளில் வெயிலின் வெளிறல். எல்லாம் அவரே தூரிகையால் தீட்டியவை. “ஐயா, புதியதை இப்படிப் பழையதாக்குவதை ‘வெதரிங்’ என்கிறோம். தமிழில் என்ன சொல்வது?” என்று வினவினார். பாறைகளைப் பற்றிய நிலவியல் நூல்களை நினைத்து, ‘வானிலைச் சிதைவு’ என்றோம். அவர் பணிவோடு குறித்துக்கொண்டார். ஆனால் அச்சொல் அவர் கையிலிருந்த பொருளுக்கு ஒட்டவில்லை என்பதை அன்றே உணர்ந்தோம். அவ்விடையைத் திருத்துவதே இவ்வுரையின் நோக்கம்.

மேசைமேல் போர் நடத்தும் வழக்கம் ஐரோப்பாவில் பிரசியப் படையினரிடையே உருப்பெற்றது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்பார் நிலத்தோற்றம் அமைந்த ஆட்ட மேசையொன்றைப் பிரசிய மன்னருக்கு அளித்தார். 1824இல் அவர் மகன் அதற்கு விரிவான விதிகளை வெளியிட்டார். 1913இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. 1983இல் வெளிவந்த ‘வார்ஹாமர்’ கற்பனைப் படைகளைப் புகழ்பெறச் செய்தது. இன்று பெரிதும் வழங்கும் அளவு 28 மில்லிமீட்டர்.

ஆயினும் படையைச் சிற்றுருவாக்கிப் பலகையில் நிறுத்தும் எண்ணம் நமக்குப் புதிதன்று. சதுரங்கம் என்னும் பெயரே யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு உறுப்புகளைக் குறிப்பது. மலாய்மொழி இவ்வாட்டத்தைச் ‘சாத்துர்’ என்கிறது. கோட்டை வடிவக் காய்க்கு அம்மொழியில் ‘தீர்’ என்று பெயர். நம் ‘தேர்’ என்னும் சொல்லே அதன் மூலம் என்பர். சொற்கள் பொருள்களோடு கடல் கடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதும் நமக்குப் பழந்தொழிலே. புகார் நகரத்துச் செங்கல் மாளிகைகளில், வானவர் முதலாக எல்லா உயிர்களின் உருவங்களையும் வெண்சுதையால் வல்லோர் அமைத்திருந்ததை மணிமேகலை கூறுகிறது. அவ்வழியே வந்தவை கோபுரச் சுதையுருவங்களும், கொலுப் பொம்மைகளும், கெடாத் தோட்டக் கோயில்களில் நிற்கும் முனீசுவரர், மதுரைவீரன் திருவுருவங்களும். ஆனால் இம்மரபு என்றும் புதுமையையே நாடியது. குடமுழுக்குத்தோறும் பாசியைச் சுரண்டி, வெடிப்பை அடைத்து, மீண்டும் வண்ணம் தீட்டி, கண்திறப்போம். பழமையைப் போக்குவது நம் கலை. பழமையைத் தீட்டுவது அவ்விளைஞர் கலை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்வன.

அப்படியாயின், முதுமையைத் தீட்டும் கலைக்குத் தமிழில் சொல் எங்கிருந்து வரும்? இங்கேதான் அன்று நாம் தவறினோம். எதை நாளும் துடைத்துப் போராடினோமோ, அதற்கே நுட்பமான பெயர்களை நம் முன்னோர் வைத்தனர். புளியிட்டுக் குத்துவிளக்கைத் துலக்கிய பெண்கள் களிம்பை அறிவர். பால்வெட்டுக் கத்தியைத் தீட்டியவர் துருவை அறிவர். லயத்து வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர் உப்புப் பூத்தலையும் காரை பெயர்தலையும் அறிவர். சைவ சித்தாந்த நூல்கள் உயிரைப் பற்றிய ஆணவத்திற்குச் செம்பிற் களிம்பையே உவமையாக்கின.

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் பொருள்தோறும் பிரித்து வழங்குகிறது. துரு இரும்புக்கு உரியது, செம்பழுப்பு நிறத்தது. களிம்பு செம்புக்கும் வெண்கலத்துக்கும் உரியது, பசுமை சார்ந்தது. பாசி ஈரம் தங்கும் பக்கத்தில் படர்வது. வெளிறல் துணிக்கும் சாயத்துக்கும் உரியது. பொருக்கு, காய்ந்த சேறும் பழம்பூச்சும் உதிருமுன் எழும் செதில். எனவே இச்சொற்களை அறிந்தவர் வெண்கலக் கேடயத்தில் துருவைத் தீட்டமாட்டார். சொல்லே வண்ணத்தையும் இடத்தையும் அவருக்குக் காட்டிவிடும்.

செய்முறைக்கும் எளிய சொற்கள் உள. முதலில் இடுவது அடிப்பூச்சு. நீர்த்த கருவண்ணத்தைப் பள்ளங்களில் ஓடித் தங்கவிடுவதை நீர்ப்பூச்சு எனலாம். வண்ணம் தோய்த்த தூரிகையைத் துடைத்து, ஏறத்தாழ உலர்ந்த நிலையில் மேடுகளின்மீது வருடுவதை உலர்தீற்றல் எனலாம். துருவுக்குப் பஞ்சினால் ஒற்றுதல் போதும். களிம்புக்கு வெளிர்நீலப் பச்சையை நீர்த்துப் பள்ளங்களில் இடவேண்டும். இவையனைத்திற்கும் பொதுப்பெயர் வேண்டின், ‘முதுமை தீட்டல்’ என்பதை முன்மொழிகிறோம். ஆயினும் பொதுப்பெயரைவிடச் சிறப்புப் பெயர்களே பயனுடையவை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. லயங்கள் மறைந்து வருகின்றன. துலக்கவேண்டாத எவர்சில்வர் வீடுகளை நிறைத்துவிட்டது. புழங்கும் பொருள் நீங்கினால் அதனைச் சுட்டிய சொல்லும் நீங்கும். அகராதி அதனைப் பாதுகாக்குமேயன்றி வாழவைக்காது. களிம்பு என்னும் சொல்லை இனி நாள்தோறும் ஆளத்தக்கவர், விளக்கைத் துலக்கும் பாட்டியார் மட்டுமல்லர். வெண்கலக் கவசத்தைத் தீட்டும் பேரனும் ஆவார். அவ்விளைஞருக்கு நாம் கூறும் திருத்திய விடை இதுவே: தம்பி, சொல்லை நாங்கள் ஆக்கித் தர வேண்டியதில்லை, உம் பாட்டியாரைக் கேளும்.