தேய்ந்த காசும் தரப் புள்ளியும்

தமிழிலே ‘நாணயம்’ என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அச்சிட்ட காசையும் அது குறிக்கும். சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். முன்னாளிற் காசைச் சுண்டி ஓசை கேட்ட வணிகன், காசின் நாணயத்தை மட்டுமா சோதித்தான்? அதை நீட்டியவனின் நாணயத்தையும் சேர்த்தே சோதித்தான். ஆயின் சோதிப்பவனின் நாணயத்தைச் சோதிப்பவர் யார்? காசின் நிலையைக் கணித்துத் தரம் வகுக்கும் கலையின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வினா மீண்டும் மீண்டும் எழுவதைக் காணலாம்.

இன்று இக்கலை பழங்காசு சேர்ப்போரின் பொழுதுபோக்காக எண்ணப்படுகிறது. ஒரு காலத்தில் அஃது எளிய மக்களின் அன்றாட உணவோடு தொடர்புடைய காரியமாயிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலே நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. அந்நாட்டின் பழைய வெள்ளிக் காசுகள் சுத்தியலால் அடித்து உருவாக்கப்பட்டவை. அவற்றின் வட்டம் ஒழுங்கற்றது. விளிம்பிலே எழுத்தோ வரியோ இல்லை. எனவே ஓரத்தைச் சிறிது சிறிதாகக் கத்தரித்து வெள்ளியைச் சேர்த்துக்கொள்வது எளிதாயிற்று. அவ்வாறு கத்தரிப்பது இராசத் துரோகமெனக் கருதப்பட்டு, அகப்பட்டோர் மரணதண்டனைக்கு உள்ளாயினர். 1662 முதல் இயந்திரத்தால் அச்சிட்டு விளிம்பும் பொறித்த காசுகள் வெளிவந்தன. ஆயினும் பழைய காசுகளும் அதே மதிப்பிற் செல்லுபடியானமையால், நல்ல காசு பெட்டிக்குள்ளும் உருக்குலைக்குள்ளும் மறைந்தது; குறைந்த காசே சந்தையிற் கைமாறியது. 1695ஆம் ஆண்டளவில் அரசிறைக்கு வந்து சேர்ந்த 57,200 பவுண் பெறுமதியான வெள்ளிக் காசுகளை நிறுத்துப் பார்த்தபோது, 220,000 அவுன்சுக்கு மேல் இருக்கவேண்டிய எடை 114,000 அவுன்சுக்கும் குறைவாகவே இருந்தது. நாட்டின் பணம் ஏறத்தாழ அரைப்பங்கு வெறும் பெயராகிவிட்டது.

1696இற் பழங்காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கிப் புதுக்காசு அச்சிடும் பெரும்பணி தொடங்கியது. அவ்வாண்டிலேயே ஐசாக் நியூற்றன் நாணயச் சாலையின் காப்பாளராகப் பதவியேற்றார். கத்தரிக்கப்பட்ட காசை முழு மதிப்புக்கு வரியாக ஏற்பதற்கு மே மாதம் 4ஆந் தேதி இறுதி நாளென விதிக்கப்பட்டது. விதி யாவர்க்கும் ஒன்றே. ஆனால் பெருவரி செலுத்தும் நிலவுடைமையாளனும் வணிகனும் தம்மிடமிருந்த குறைக் காசை முழு மதிப்புக்குத் தள்ளிவிட வழியிருந்தது. செலுத்துவதற்குக் குறிப்பிடத்தக்க வரியில்லாத கூலியாளுக்கு அவ்வழி இல்லை. காலக்கெடு கழிந்தபின் அவன் கையில் எஞ்சிய காசு வெறும் எடைக்கே விலைபோயிற்று. புதுக்காசு போதியளவு வந்து சேராமையால் அக்கோடையிலே பல இடங்களிற் குழப்பங்கள் மூண்டன. பணியின் செலவை ஈடுசெய்ய வீடுகளின் யன்னல்களை எண்ணி வரி விதிக்கப்பட்டது. காசைக் கத்தரித்தவன் ஒருவன்; கழிவைச் சுமந்தவன் வேறொருவன்.

கத்தரியின்றியும் காசு தேயும். விரலும் பையும் கல்லாப்பெட்டியுமே அதைத் தேய்த்துவிடும். இவ்வெளிய உண்மையிலிருந்து ஆழ்ந்ததொரு கருத்தை வெளிக்கொணர்ந்தவர் கார்ல் மார்க்ஸ். 1859இல் வெளியான அரசியற் பொருளாதார விமர்சன நூலிலும், 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதற் பாகத்திலும் அவர் நாணயத் தேய்வை ஆராய்கின்றார். கைமாறுந்தோறும் பொற்காசின் பெயரும் எடையும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. தேய்ந்த காசு தான் இருக்கவேண்டிய பொன்னின் அடையாளமாக மாறிவிடுகின்றது. பெறுமதியற்ற தாளும் பணமாகும் வழி இத்தேய்விலேயே திறக்கின்றது என்பது அவர் காட்டும் முறை. அதாவது, தேய்வு என்பது காசுக்கு நேர்ந்த விபத்தன்று. அது காசின் தொழிலால் விளைவது.

இனிச் சேர்ப்போரின் உலகிற்கு வருவோம். இங்கே அளவுகோல் முற்றிலும் தலைகீழாகின்றது. எந்தக் காசு ஒருநாளும் கடைக்குச் செல்லவில்லையோ, எந்தக் காசு ஒரு பிடி அரிசியும் வாங்கவில்லையோ, அதுவே முதல் தரம். உழைத்த காசு கடைத் தரம்.

தரம் வகுப்பதில் நுட்பமே இல்லையென்று கூறுதல் தகாது. காசின் மேற்பரப்பிலே முதலில் தேய்வன மேடான பகுதிகள். தலையுருவமாயின் காதின் மேலுள்ள கூந்தல், கன்னம், புருவம் ஆகியவை மழுங்கும். கூந்தலின் இழைகள் தனித்தனியே தெரிகின்றனவா, ஒன்றாய்க் கலந்துவிட்டனவா என்பதைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்குவர். அச்சு சரியாக விழாமையால் முதலிலேயே மங்கிப் பிறந்த காசும் உண்டு. அதைத் தேய்ந்த காசினின்றும் பிரித்தறிய வேண்டும். மங்கிப் பிறந்த காசில் புதுக்காசுக்குரிய ஒளி குன்றாமல் இருக்கும். தேய்ந்த இடத்திலே அவ்வொளி அறுந்துபோயிருக்கும். பழங்காசைத் துலக்குதல் பெருங்குற்றம். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்த செப்புக் காசு பளபளக்கும். ஆயின் நூற்றாண்டுகள் போர்த்த களிம்புப் போர்வை ஒரு கணத்தில் அழிந்துவிடும். இவையெல்லாம் கண்ணும் அனுபவமும் கூடிய அறிவு. இடர்ப்பாடு தொடங்குவது இவ்வறிவை ஓர் எண்ணாக மாற்றி அவ்வெண்ணுக்கு விலை கட்டும்போதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ‘நன்று’, ‘மிக நன்று’, ‘சிறப்பு’, ‘மிகச் சிறப்பு’ என்றாற்போன்ற சொற்களே போதுமாயிருந்தன. ஆனால் விற்பவனின் ‘சிறப்பு’ வாங்குபவனுக்கு ‘நன்று’ ஆகவே தோன்றும். இச்சச்சரவைத் தீர்க்க வந்தவரே அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன். 1949இல் அவர் அமெரிக்காவின் பழைய செப்புச் சதங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1793 முதல் 1857 வரை அச்சிடப்பட்ட பெரிய சதங்களில், முற்பட்டனவே அந்நூலின் பொருள். அதிலே ஒன்று முதல் எழுபது வரையான அளவுகோல் ஒன்றை அவர் வகுத்தார். இன்ன காசென அடையாளங் காண மாத்திரம் இயலும் நிலை ஒன்று. குற்றங்குறையற்ற நிலை எழுபது. இடையிலே நான்கு, பன்னிரண்டு, இருபது, நாற்பது, ஐம்பது, அறுபது எனப் படிகள் அமைந்தன.

எழுபது என்னும் எண் எவ்வாறு வந்தது? நூறு ஏன் இல்லை? இங்கேதான் விடயத்தின் உயிர்நாடி இருக்கின்றது. அக்காலச் சந்தையிலே மிகக் கெட்ட நிலையிலிருந்த ஒரு சதத்துக்கு ஒரு டொலர் விலையெனின், மிகச் சிறந்த நிலையிலிருந்த அதே வகைச் சதத்துக்கு எழுபது டொலர் வரை கிடைத்தது. அவ்விலை விகிதமே அளவுகோலாயிற்று. அடிப்படை விலையைத் தரத்தாற் பெருக்கினால் விலை வந்துவிடும் என்பது அவர் திட்டம். அடிப்படை விலை இரண்டு டொலராயின், இருபதாந் தரக் காசுக்கு நாற்பது டொலர். காசின் உடலை அளப்பதாகத் தோன்றிய எண், உண்மையில் அக்காலச் சந்தையின் நிழலே. சில ஆண்டுகளில் உயர்தரக் காசுகளின் விலை பெருக்கல் வாய்பாட்டை மீறி ஓடிற்று. கணக்குப் பொய்த்தது, எண்கள் மாத்திரம் நிலைத்தன. 1970களில் அமெரிக்க நாணயவியற் கழகம் எல்லா வகைக் காசுகளுக்கும் அவ்வெழுபது புள்ளிகளையே ஏற்றுக்கொண்டது. பிறந்த காரணம் இறந்தபின்னரும் எண் விஞ்ஞானத்தின் அங்கியைப் போர்த்துக்கொண்டு உலவியது.

இந்த ஷெல்டன் யார்? காசு அவருக்குப் பொழுதுபோக்கு. தொழிலால் அவர் உளவியலாளர், மருத்துவமும் பயின்றவர். காசுக்குத் தரம் வகுத்ததற்கு முன்னரே, மனிதருக்குத் தரம் வகுத்தவர். கொழுத்த உடல், தசைப்பற்றுள்ள உடல், மெலிந்த உடல் என மூவகை வகுத்து, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வகையிலும் ஒன்று முதல் ஏழு வரை எண்ணிட்டு, அம்மூன்று எண்களிலிருந்து ஒருவரின் குணத்தையும் நடத்தையையும் கூறிவிடலாமென 1940இலும் 1942இலும் வெளிவந்த நூல்களில் வாதித்தார். காசு நூல் வெளிவந்த அதே 1949இல், பொஸ்ரன் நகரிலே சீர்திருத்த விடுதியொன்றைச் சார்ந்த இருநூறு இளைஞரை இவ்வாறு எண்ணிட்டுக் குற்றத்தின் வேரை அவர்களின் உடலமைப்பிலே தேடிய மற்றொரு நூலும் வெளிவந்தது. வறுமை, வேலையின்மை, சிதறிய குடும்பம் ஆகியன பின்னுக்குத் தள்ளப்பட்டன. தோளின் அகலம் முன்னுக்கு வந்தது. சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து அந்நூலின் முறையைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய கட்டுரை 1951இலேயே வெளிவந்தது.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கல்லூரிகள் பலவற்றிலே, உடல் நிமிர்வைப் பரிசோதித்தல் என்னும் பெயரில், புதிதாகச் சேர்ந்த மாணவ மாணவியரை ஆடையின்றி நிறுத்திப் படமெடுக்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறான படங்களைச் ஷெல்டன் தம் ஆராய்ச்சிக்குப் பெருமளவிற் பயன்படுத்தினார். 1950இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவியொருத்தி இதைப் பெற்றோரிடம் கூற, எதிர்ப்பெழுந்து படங்கள் எரிக்கப்பட்டன. பிற இடங்களில் வழக்கம் நீடித்தது. 1995இல் நியூயோர்க் பத்திரிகையொன்று இவ்வரலாற்றை விரிவாக வெளிப்படுத்தியபோதே உலகம் திடுக்கிட்டது. காசின் முகத்தைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்த அதே கண், உயிருள்ள மனிதரையும் அவ்வாறே வைத்து நோக்கியது. இரண்டிலும் முறை ஒன்றே: வரலாற்றையும் சூழலையும் கழித்துவிடு, மேற்பரப்பைப் பார், எண்ணை எழுது, எண்ணே பொருளின் இயல்பு என்று சொல்.

இக்கதைக்கு இன்னுமோர் அத்தியாயம் உண்டு. நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியற் சங்கத்தின் கருவூலத்திலே பழைய சதங்களின் சிறந்த தொகுதியொன்று இருந்தது. அறிஞர் என்ற முறையில் ஷெல்டனுக்கு அதை ஆராயும் உரிமை கிடைத்தது. 1977இல் அவர் இறந்த பின்னர், அங்கிருந்த உயர்தரக் காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த தாழ்தரக் காசுகளை அவற்றின் இடத்தில் அவர் வைத்துவிட்டமை படிப்படியாகத் தெரியவந்தது. 1990களிலே அக்காசுகளைத் திரும்பப் பெறுவதற்கான வழக்கு கலிபோர்ணிய நீதிமன்றங்களில் நடைபெற்றது. எண்ணிக்கையிற் குறைவில்லை, வகையில் மாற்றமில்லை, மாறியது தரம் மாத்திரமே. அவர் வகுத்த அளவுகோலைக் கொண்டே அவர் களவின் பெறுமதியை அளக்கலாம். காசின் நாணயத்தைத் தீர்த்தவரின் நாணயம் இவ்வாறிருந்தது.

இது தனியொருவரின் ஒழுக்கக்கேடு மாத்திரமே எனக் கூறி நாம் அமைதியடைந்துவிட முடியாது. 1986 முதல் அமெரிக்காவிலே தனியார் நிறுவனங்கள் கட்டணம் பெற்றுக் காசுக்குப் புள்ளியிட்டு, அதை ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிடும் தொழிலைப் பெருவாரியாகத் தொடங்கின. கண்ணாற் காணாமலே காசை வாங்கவும் விற்கவும் இயலுமாயிற்று. வோல் ஸ்ரீற் நிறுவனங்களும் பழங்காசை முதலீட்டுப் பண்டமாகக் கொண்டன. 1989இல் உச்சிக்கேறிய விலை அடுத்த ஆண்டே சரிந்தது. அறுபத்தைந்துக்கும் அறுபத்தாறுக்கும் இடையே வெறுங் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு விலையிற் பல மடங்காகலாம். ஆகவே உறையை உடைத்து, அதே காசை மீண்டும் அனுப்பி, ஒரு புள்ளி கூடக் கிடைக்குமா என்று பார்ப்போரும் தோன்றினர். பல வேளை அது கிடைத்தும் விட்டது. காசு மாறவில்லை, தீர்ப்பு மாறியது.

இனி நம் நாட்டுக் காசுகளை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் பல பாகங்களில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமச் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. அவை சிறியவை, பெரும்பாலும் உருவமே தெரியாதவாறு தேய்ந்தவை. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்ட போலிகளும் அவற்றோடு கலந்து கிடைக்கின்றன. 1924இல் இலங்கை நாணயங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய கொட்றிங்டன் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். எழுபது புள்ளி அளவுகோலிலே இவை ஒன்றும் இரண்டுமே பெறத்தக்கவை. வரலாற்று மாணவனுக்கோ அத்தேய்வே முதற் சான்று. காசு கடலோர வணிகனின் பெட்டியிலே உறங்கவில்லை. சாதாரண மக்களின் கைகளிலே நெடுங்காலம் உலவியது. போதாமையால் உள்ளூரிலேயே அதைப்போன்று செய்யவேண்டிய தேவையும் எழுந்தது என்று அது பேசுகிறது. அரசர் பெயரைக் கல்வெட்டு கூறும். பெயர் எழுதப்படாத மக்களின் கொடுக்கல் வாங்கலைக் கூறுவது மழுங்கிய செம்பு.

யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட, ‘சேது’ எனத் தமிழெழுத்துப் பொறித்த செப்புக் காசுகளுக்கும் இது பொருந்தும். கிடைத்த இடம் எது, உடன் கிடைத்தவை எவை, எந்த மண்படையிலே கிடந்தது என்னும் விபரங்களோடு கூடிய தேய்ந்த காசொன்று, அவ்விபரங்களைத் தொலைத்துத் துலக்கி அழகாக விற்பனைக்கு வைக்கப்பட்ட பத்துக் காசுகளிலும் மேலானது. தோட்டத்திலோ கிணறு வெட்டுமிடத்திலோ பழங்காசைக் கண்டெடுக்கும் மாணவன் முதலிற் கற்கவேண்டியது அதன் விலையை அன்று. அதைக் கழுவாதிருக்கவும், கிடந்த இடத்தைக் குறித்து வைக்கவும், தொல்பொருள் அறிந்தோர்க்குக் காட்டவும் அவன் கற்கவேண்டும்.

ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் எண் இடுபவர்கள். விடைத்தாளிலே நாம் இடும் புள்ளி, அந்த வேளையில் அந்தத் தாளைப் பற்றிய ஒரு தீர்ப்பு. பயனுள்ள தீர்ப்பாகவும் அது இருக்கலாம். அந்த எண்ணைப் பிள்ளையின் இயல்பென்று கொள்ளும்போதே ஷெல்டனின் பாதையில் நாம் காலடி வைக்கின்றோம். பசியோடு வந்தவன், வயலிலே வேலை முடித்து வந்தவன், விளக்கில்லாத வீட்டிலே படித்தவன் ஆகியோரின் தேய்வு அவர்களின் தரக்குறைவன்று; அவர்கள் வாழும் சமுதாயத்தின் வரலாறு. அவ்வரலாற்றை வாசிக்கத் தெரிந்தவனே காசையும் சரியாக மதிப்பான், மனிதரையும் சரியாக மதிப்பான்.