பிறீசருக்கும் சுவருக்கும் இடையில்



வருடக் கணக்கு முடிப்பதற்காக லண்டனில் எம்மவர் கடையொன்றுக்குப் போயிருந்தேன். அங்கு வேலை செய்யும் தம்பியின் வலது கையில் பெரிய கட்டு. சாமான் நிறைந்த பிறீசரைத் தனியே தள்ளும்போது, சுவரோடு இரண்டு விரல்கள் நசிந்துவிட்டன. "ஆஸ்பத்திரியில வீட்டுக் கதவு அடிச்சது எண்டுதான் சொன்னனான் அண்ணை. அத்தானுக்குப் பிரச்சினை வரக்கூடாது" என்றான். கடை முதலாளி அவனுடைய அக்காவின் கணவர்.

எனக்கு 1835ஆம் ஆண்டு விபத்து ஒன்று நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்தவன் சார்ள்ஸ் பிறீஸ்ட்லி. ஆட்டிறைச்சி அளவுக்கு மிஞ்சி ஏற்றிய வண்டி முறிந்து, அவனுடைய தொடை எலும்பும் முறிந்தது. 1836இல் லிங்கன் நகரில் ஜூரர்கள் 100 பவுண் நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். 1837இல் நீதிபதி அபிங்கர் பிரபு அதைத் தள்ளிவிட்டார். ஆபத்தென்று கண்டால் வேலைக்காரன் மறுத்திருக்கலாமே என்பது அவர் சொன்ன நியாயங்களில் ஒன்று. விசாவுக்காகக் காத்திருந்த காலத்தில் எம்மில் எத்தனை பேரால் முதலாளி சொன்னதை மறுக்க முடிந்தது?

1897இல் வந்த நட்டஈட்டுச் சட்டம் புகையிரதம், தொழிற்சாலை, சுரங்கம் போன்றவற்றுக்குத்தான். கடைச் சிப்பந்திகள் 1906 வரை காத்திருந்தார்கள். அந்தச் சட்டமும் முதலாளியின் வீட்டிலேயே வசிக்கும் குடும்பத்தவரை விலக்கியே வைத்தது. காயம் வரக்கூடிய பாரத்தைத் தூக்கவோ நகர்த்தவோ கடை ஊழியரைப் பணிக்கக்கூடாது என்று 1963ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1993 ஜனவரி முதல், கையால் நகர்த்துவதைத் தவிர்க்க முடியுமா என்று முதலாளி முதலில் பார்க்கவேண்டும். முடியாவிட்டால் ஆபத்தைக் குறைக்கவேண்டும். பிறீசரை வெறுமையாக்கி, சில்லுப் பலகையில் ஏற்றி, இன்னொருவரையும் கூப்பிட்டிருந்தால் போதும். பத்து நிமிட வேலை.

இனி என் தொழில் சார்ந்த விடயம். ஊழியர் காயப்பட்டால் நட்டஈடு கொடுப்பதற்கான காப்புறுதியை முதலாளி கட்டாயம் எடுக்கவேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். "எல்லாம் எங்கட ஆக்கள்தானே, எனக்கு ஏன்?" என்று எம்மவர் கேட்பார்கள். நெருங்கிய குடும்பத்தவருக்கு விலக்கு உண்டுதான். கணவன், மனைவி, பெற்றோர், பேரன் பேத்தி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லாம் அதில் அடங்குவர். மச்சான் அந்தப் பட்டியலில் இல்லை! சித்தப்பாவின் மகனும் இல்லை. கடையை லிமிட்டெட் கம்பனியாகப் பதிந்திருந்தால், சொந்தத் தம்பி வேலை செய்தாலும் இந்த விலக்கைக் காட்டித் தப்பமுடியாது. காயப்பட்டவர் வழக்குப் போடுவதற்குப் பொதுவாக மூன்று வருடம்தான் தவணை.

அந்தக் கடையின் பற்றுச்சீட்டுகளைப் புரட்டினேன். காப்புறுதிப் பணம் வருடாவருடம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. தம்பிக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அத்தானோ அதை நெருப்புக்கும் களவுக்கும் என்று நினைத்திருந்தார். தம்பிக்கு இடது கையால் எழுத வராது. விபத்துப் புத்தகத்தில், விரல் நசிந்த திகதியையும் அன்றைய திகதியையும் போட்டு, அவன் சொல்லச் சொல்ல அத்தான்தான் எழுதினார்.